மீகாமனும் கணினித் திரளும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வீடு கட்டுவோர் முதலில் மனையை அளக்கின்றனர். கிணறு வெட்டுவோர் நீரோட்டம் பார்க்கின்றனர். கணினி உலகிலும் பெரிய மென்பொருள் ஒன்றை நிறுவும்முன் அது குடியேறப்போகும் இடத்தை அளந்தறிதல் வேண்டும். தரவுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் ஆற்றலைக் கணினிக்கு அளிப்பது இயந்திரவழிக் கற்றல். அதற்குரிய பணிமேடையை மேகக்கணினித் திரளில் நிறுவ எவையெவை தேவை, எவ்வளவு தேவை, ஏன் தேவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

நினைவகம் வகுத்த எல்லை

ஆண்டு 2012. கனடா நாட்டின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவர், படங்களைப் பார்த்து அவற்றில் உள்ள பொருள்களை இனங்காணும் நரம்பணு வலையமைப்பு ஒன்றை உருவாக்கினர். ஏறத்தாழ 12 லட்சம் படங்களை 1000 வகைகளாகப் பிரித்தறிய அது கற்க வேண்டியிருந்தது. அவ்வலையமைப்பில் ஏறத்தாழ 6 கோடி அளபுருக்கள் இருந்தன. கற்றலின்போது கணினி சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும் எண்களே அளபுருக்கள் எனப்படும்.

அவர்கள் பயன்படுத்திய வரைகலைச் செயலகம் ஒவ்வொன்றின் நினைவகமும் 3 ஜிகாபைட்டு மட்டுமே. எண்ணிய வலையமைப்பு அதற்குள் அடங்கவில்லை. எனவே, அவர்கள் வலையமைப்பை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியை ஒரு செயலகத்திலும் மறுபாதியை இன்னொரு செயலகத்திலும் இயக்கினர். பயிற்சி முடிய ஐந்து முதல் ஆறு நாள்கள் ஆயின. அவ்வாண்டு நடைபெற்ற இமேஜ்நெட் போட்டியில் அவ்வலையமைப்பு முதலிடம் பெற்றது. செயற்கை நுண்ணறிவின் இன்றைய வளர்ச்சிக்கு அவ்வெற்றி ஒரு திருப்புமுனை என்பர்.

இந்நிகழ்வு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. கருத்து எத்துணை உயர்ந்ததாயினும் அது இயங்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தின் அளவே கருத்தின் வடிவத்தையும் மாற்றியமைக்கிறது. மூவரும் தம் கருவியின் எல்லையை அறிந்திருந்தனர். அதனால்தான் அவ்வெல்லைக்குள் செயற்பட வழி கண்டனர்.

கலமும் கொள்கலமும்

தமிழில் ‘கலம்’ என்னும் சொல் கப்பலையும் குறிக்கும். பொருளை இட்டுவைக்கும் ஏனத்தையும் குறிக்கும். கடலில் செல்வது மரக்கலம். பொருளைக் கொள்வது கொள்கலம். கணினித்துறையின் அண்மைக்கால வளர்ச்சியை விளக்க இவ்விரு பொருளும் ஒருசேரப் பயன்படுகின்றன.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நெவார்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 உலோகக் கொள்கலங்களுடன் ஹூஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்னும் போக்குவரத்துத் தொழில்முனைவோர் அம்முயற்சியை மேற்கொண்டார். அதுவரை மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கப்பட்ட சரக்குகள், ஒரே அளவுள்ள பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலுக்கும் சரக்குந்துக்கும் பொதுவாயின. உள்ளே இருப்பது எதுவாயினும் பெட்டியைத் தூக்கும் முறை ஒன்றே என்பதுதான் அதன் சிறப்பு.

மென்பொருளுக்கும் இம்முறை வந்தது. ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையான துணைநிரல்களையும் ஒரே பொதியாகக் கட்டி, எந்தக் கணினியிலும் ஒரே வகையில் இயக்கும் முறைக்குக் கொள்கலமுறை என்று பெயர். 2013ஆம் ஆண்டு வெளியான ‘டாக்கர்’ என்னும் மென்பொருள் இம்முறையைப் பரவலாக்கியது.

கொள்கலங்கள் ஒன்றிரண்டாயின் மனிதரே பார்த்துக்கொள்ளலாம். அவை ஆயிரக்கணக்கில் பெருகும்போது எந்தக் கொள்கலத்தை எந்தக் கணினியில் இறக்குவது, பழுதானதற்கு மாற்றாக மற்றொன்றை எங்கே தொடங்குவது என்பவற்றை முடிவுசெய்ய ஒரு தலைவன் தேவை. அப்பணிக்காகக் கூகுள் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டற்ற மென்பொருளே ‘குபர்னெட்டிஸ்’. இது கிரேக்கச் சொல். கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்துபவன் என்பது அதன் பொருள். தமிழ் அவனை ‘மீகாமன்’ என வழங்கும். பல கணினிகள் ஒரே வலையில் இணைந்து ஒரு கணினிபோல் இயங்கும் தொகுப்பு, ‘கணினித் திரள்’ எனப்படும். அத்திரளில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு ‘கணு’. திரளுக்கு மீகாமனாக அமைவது குபர்னெட்டிஸ்.

தெரியுமா?

குபர்னெட்டிஸின் சின்னம் கப்பலின் சுக்கான் சக்கரம். அதில் ஏழு ஆரங்கள் உள்ளன. இத்திட்டத்திற்குத் தொடக்கத்தில் இடப்பட்ட ‘புராஜெக்ட் செவன்’ என்னும் பெயரை அவை நினைவூட்டுகின்றன. ஆங்கிலத்தில் இப்பெயரின் முதலெழுத்துக்கும் இறுதியெழுத்துக்கும் இடையே எட்டு எழுத்துகள் உள்ளமையால் ‘கே8எஸ்’ என்று சுருக்கி எழுதுவதும் உண்டு.

கற்றலுக்கு ஒரு பணிமேடை

இயந்திரவழிக் கற்றல் என்பது ஒரே செயலன்று. பல செயல்களின் தொடர். தரவைத் திரட்டித் தூய்மை செய்தல், மாதிரியை வடிவமைத்தல், பயிற்றுவித்தல், சோதித்தல், பயனர்க்கு வழங்குதல், வழங்கியபின் கண்காணித்தல் என அது நீளும். இச்செயல்களை ஒரே இடத்தில் நிகழ்த்தத் துணைபுரியும் மென்பொருள் தொகுப்பே பணிமேடை. குபர்னெட்டிஸ் திரளின்மேல் நிறுவப்படும் இத்தகைய மேடைகளுள் ‘கியூப்ஃப்ளோ’ குறிப்பிடத்தக்கது. கூகுள் பொறியாளர்கள் 2017ஆம் ஆண்டு இறுதியில் இதனைக் கட்டற்ற மென்பொருளாக அறிமுகம் செய்தனர். இதன் 1.0 பதிப்பு 2020 மார்ச்சில் வெளிவந்தது.

இம்மேடையை ஒரே நிரல் என்று கருதுதல் கூடாது. நிரல் எழுதிப் பார்ப்பதற்கான குறிப்பேடு, செயல்களை வரிசைப்படுத்தும் செயல்தொடர், பொருத்தமான அளபுரு அமைப்புகளைத் தேடித்தரும் ‘காதிப்’, பயிற்சி முடித்த மாதிரியைப் பயனர்க்கு வழங்கும் ‘கேசர்வ்’, உறுப்புகளுக்கிடையே நிகழும் தகவல் போக்குவரத்தை நெறிப்படுத்தும் ‘இஸ்தியோ’ எனப் பல உறுப்புகளின் கூட்டே இது. இவற்றுள் ‘இஸ்தியோ’ என்பது கிரேக்க மொழியில் கப்பற்பாயைக் குறிக்கும். இவ்வுறுப்புகள் அனைத்தும் தனித்தனிக் கொள்கலங்களாக இயங்குகின்றன. பயனர் எந்தப் பணியையும் தொடங்காத பொழுதிலும் இவை விழித்திருந்து நினைவகத்தையும் செயலகத்தையும் பயன்படுத்திக்கொண்டே இருக்கும். நிறுவுவதற்கான தேவைகளை அறிய விரும்புவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இதுவாகும்.

தளத்தின் தேவை

திரளில் இருவகைக் கணுக்கள் உள்ளன. முடிவெடுக்கும் பணி கட்டுப்பாட்டுக் கணுவினுடையது. கொள்கலங்களைத் தாங்கும் பணி வேலைக்கணுவினுடையது. குபர்னெட்டிஸைத் தாமே நிறுவ விரும்புவோர்க்கு அதன் ஆவணம் சில தேவைகளை வகுத்துள்ளது. ஒவ்வொரு கணினியிலும் குறைந்தது 2 ஜிகாபைட்டு நினைவகம் இருத்தல் வேண்டும். கட்டுப்பாட்டுக் கணுவில் குறைந்தது 2 செயலகக் கருக்கள் இருத்தல் வேண்டும். எல்லாக் கணுக்களும் ஒன்றோடொன்று வலைவழித் தொடர்புகொள்ளக்கூடியனவாக இருத்தல் வேண்டும். இரு கணினிகளுக்கு ஒரே பெயர் இருத்தல் கூடாது. நினைவகம் நிறையும்போது வன்தட்டைத் துணைக்கழைக்கும் இடமாற்று வசதியை, அதற்குரிய அமைப்புகளைச் செய்யாதவிடத்து, முடக்கிவைத்தல் வேண்டும்.

கட்டுப்பாட்டுக் கணு ஒன்றே இருந்து அது பழுதானால் முடிவெடுப்பார் இலராகிவிடும். ஆகவே, முக்கியமான பணிகளுக்கு மூன்று அல்லது ஐந்து கட்டுப்பாட்டுக் கணுக்களை அமைப்பர். திரளின் நிலையைப் பதிந்துவைக்கும் தரவுத்தளம் பெரும்பான்மை முறையில் முடிவெடுப்பதால் ஒற்றைப்படை எண்ணே ஏற்றது. மூன்றில் ஒன்று பழுதானாலும், ஐந்தில் இரண்டு பழுதானாலும் பெரும்பான்மை நிலைத்திருக்கும். நான்காக வைத்தாலும் ஒன்றன் பழுதை மட்டுமே தாங்க இயலும். நான்காவதால் கூடுதல் பயன் இல்லை. கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் வழங்கும் குபர்னெட்டிஸ் சேவைகளில் இப்பொறுப்பை அந்நிறுவனங்களே ஏற்கின்றன. பயனர், வேலைக்கணுக்களின் எண்ணிக்கையையும் அளவையும் முடிவுசெய்தால் போதும்.

மேடையின் தேவை

கியூப்ஃப்ளோவின் தொடக்கக்கால நிறுவல் வழிகாட்டி, திரளில் குறைந்தது ஒரு வேலைக்கணுவேனும் 4 செயலகக் கருக்களும் 12 ஜிகாபைட்டு நினைவகமும் 50 ஜிகாபைட்டுச் சேமிப்பகமும் கொண்டிருத்தல் வேண்டும் என்று கூறியது. பின்னர் உறுப்புகள் பெருகின. ஒற்றைக் கணினியில் முழுத் தொகுப்பையும் நிறுவிப் பார்ப்போர்க்கு 8 கருக்களும் 16 ஜிகாபைட்டு நினைவகமும் பிந்தைய வழிகாட்டியில் பரிந்துரைக்கப்பட்டன.

இவ்வெண்களைப் பொருளறிந்து படித்தல் வேண்டும். ஒரு கல்லூரி மாணவர்கள், பயிர் இலைகளின் படங்களைக்கொண்டு நோயை இனங்காணும் மாதிரி ஒன்றை உருவாக்க முனைவதாகக் கொள்வோம். அவர்கள் 2 கருக்களும் 4 ஜிகாபைட்டு நினைவகமும் உடைய ஒரு கணுவை வாடகைக்குப் பெற்று மேடையை நிறுவுகின்றனர். நிறுவல் கட்டளை பிழையின்றி முடிகிறது. ஆயினும் மேடை திறக்கவில்லை. காரணம் யாது? கட்டளையை ஏற்றல் வேறு. இடம் அளித்தல் வேறு. மீகாமன் பட்டியலைப் பெற்றுக்கொண்டான். ஆனால், ஏற்றுவதற்குக் கப்பலில் இடமில்லை. கொள்கலங்கள் ‘காத்திருப்பு’ நிலையிலேயே நிற்கின்றன. பிழைச்செய்தி வரவில்லை என்பதனாலேயே நிறுவல் வெற்றி என்று கொள்ளுதல் கூடாது. ஒவ்வொரு கொள்கலமும் ‘இயங்குகிறது’ என்னும் நிலையை அடைந்ததா எனப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்கள் கணுவை மாற்றி, 4 கருக்களும் 12 ஜிகாபைட்டும் உடையதைப் பெறுகின்றனர். மேடை திறக்கிறது. மகிழ்ச்சியோடு பயிற்சியைத் தொடங்குகின்றனர். அப்பணி 8 ஜிகாபைட்டு நினைவகம் கோருகிறது. மீண்டும் காத்திருப்பு. 12 ஜிகாபைட்டில் இயங்குதளமும் மேடையின் உறுப்புகளும் 9 ஜிகாபைட்டை ஒதுக்கிக்கொண்டனவாயின், எஞ்சுவது 3 மட்டுமே. வழிகாட்டி கூறிய ‘குறைந்தபட்சம்’, மேடை நிற்பதற்குரியது. மேடையில் ஆடுவதற்குரியது அன்று. இதனை உணராமையே தொடக்க நிலையினர் பலர் இடர்ப்படக் காரணமாகும்.

வேறொரு நுட்பமும் உண்டு. இரண்டு கணுக்களில் 5 ஜிகாபைட்டு வீதம் இடம் இருப்பின் மொத்தம் 10 ஜிகாபைட்டு. எனினும் 8 ஜிகாபைட்டுக் கோரும் ஒரு கொள்கலத்திற்கு அங்கு இடமில்லை. ஒரு கொள்கலம் ஒரே கணுவில்தான் இறங்க முடியும். இரண்டு படகுகளில் அரை அரைப் பெட்டி ஏற்ற இயலுமா? ஆகவே, திரளின் மொத்தக் கொள்ளளவைக் காட்டிலும் ஒரு கணுவின் கொள்ளளவே முதலில் நோக்கத்தக்கது.

கோரிக்கையும் வரம்பும்

ஒவ்வொரு கொள்கலத்திற்கும் இரண்டு அளவுகளைக் குறிப்பிடலாம். ‘எனக்கு இவ்வளவு உறுதியாக வேண்டும்’ என்பது கோரிக்கை. ‘இதற்குமேல் எடுக்கமாட்டேன்’ என்பது வரம்பு. மீகாமன் கோரிக்கையைப் பார்த்தே இடம் ஒதுக்குகிறான். செயலக அளவில் ஒரு கரு 1000 மில்லிக்கருக்களாகப் பகுக்கப்படும். 250 மில்லி என்றால் ஒரு கருவின் காற்பங்கு.

வரம்பு மீறும்போது இரு வளங்களும் இருவேறு விளைவுகளைத் தருகின்றன. செயலக வரம்பைத் தொட்டால் பணி மெதுவாகும், நின்றுபோகாது. நினைவக வரம்பை மீறினால் கொள்கலம் நிறுத்தப்படும். காலம் நீளலாம், இடம் நீளாது என்பதே இவ்வேறுபாட்டின் சாரம். ஆதலின், செயலகத்தைச் சற்றுக் குறைவாக மதிப்பிட்டாலும் நினைவகத்தைக் குறைவாக மதிப்பிடுதல் ஆகாது.

தெரிந்து தெளிவோம்

ஜிகாபைட்டு என்பது 100 கோடி பைட்டு. இருமமுறையில் கணக்கிடும் ஜிபிபைட்டு என்பது 107,37,41,824 பைட்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 7 விழுக்காட்டுக்கும் மேல். விலைப்பட்டியலில் ஒன்றும் நிறுவல் கோப்பில் மற்றொன்றும் இருப்பின் இவ்வேறுபாட்டால் கணக்குப் பிழைக்கும்.

மாதிரியின் தேவை

பயிற்றுவிக்கப்படும் மாதிரிக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணக்கிடலாம். பரவலாக வழங்கும் ‘ஆடம்’ என்னும் திருத்துமுறையில், அளபுருவின் மதிப்பு, அதனை எத்திசையில் திருத்த வேண்டும் என்னும் சரிவு, முன்னைய சரிவுகளின் இருவகைச் சராசரிகள் ஆகிய நான்கும் நினைவில் நிற்றல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 4 பைட்டு. ஆக, ஓர் அளபுருவுக்கு 16 பைட்டு.

மாணவர்களின் மாதிரியில் 1 கோடி அளபுருக்கள் இருப்பின் 16 கோடி பைட்டு, அதாவது 160 மெகாபைட்டு போதும். இடைநிலைக் கணக்கீடுகளுக்கும் படத்தொகுதிக்கும் தனியே இடம் வேண்டும். 700 கோடி அளபுருக்கள் கொண்ட மொழி மாதிரியாயின் 112 ஜிகாபைட்டு வேண்டும். அதே மாதிரியைப் பயிற்றுவிக்காமல் பயன்படுத்த மட்டும் எண்ணினால், ஓர் அளபுருவுக்கு 2 பைட்டு வீதம் 14 ஜிகாபைட்டு போதுமானது. கற்றலுக்கும் கற்றதைச் சொல்லுதலுக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வெண்களில் வெளிப்படுகிறது.

பேரளவுக் கணக்கீடுகளைப் பொதுச் செயலகத்தினும் விரைவாகச் செய்வது வரைகலைச் செயலகம். அதனைத் திரளில் பயன்படுத்த, கணுவில் உரிய இயக்கி மென்பொருளும், அக்கருவி இங்குள்ளது என்று குபர்னெட்டிஸுக்கு அறிவிக்கும் செருகுநிரலும் நிறுவப்படுதல் வேண்டும். இல்லையெனில் விலையுயர்ந்த கருவி இருந்தும் திரளின் கண்ணுக்கு அது புலப்படாது. பொதுச் செயலகத்தைப்போல் இதனை மில்லியளவில் பகுத்துக் கேட்க இயலாது. ஒன்று, இரண்டு என முழு எண்ணிலேயே கேட்டல் வேண்டும்.

சேமிப்பகமும் வலையும்

கொள்கலம் மறையும்போது அதனுள் எழுதப்பட்டனவும் மறையும். மூன்று நாள் பயிற்சிக்குப் பின் கொள்கலம் நின்றுவிட, கற்றனவெல்லாம் அழிந்துபோகும் நிலை இதனால் நேரும். ஆதலின், கொள்கலத்திற்கு வெளியே நிலைத்திருக்கும் சேமிப்பகம் இன்றியமையாதது. கேட்டவுடன் அத்தகைய சேமிப்பகத்தை வழங்கும் ‘இயல்பிருப்புச் சேமிப்பக வகை’ திரளில் வரையறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அஃதில்லாத திரளில் மேடையின் தரவுத்தளங்கள்கூடத் தொடங்கா. பயிற்சியின் இடையிடையே மாதிரியின் நிலையை இச்சேமிப்பகத்தில் எழுதிவைப்பது நல்ல வழக்கம்.

தரவின் இருப்பிடமும் கருதத்தக்கது. நொடிக்கு 100 மெகாபிட்டு வேகமுடைய இணைப்பில் 100 ஜிகாபைட்டுத் தரவை ஏற்ற 8000 நொடிகள், அதாவது இரண்டேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஆகும். தரவு ஒரு நாட்டிலும் திரள் மற்றொரு நாட்டிலும் இருப்பின், கணக்கிடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் மிகும். தரவை நகர்த்துவதற்கும் கட்டணம் உண்டு.

பதிப்புப் பொருத்தம்

குபர்னெட்டிஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று பதிப்புகளாக வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 14 மாதங்கள் ஆதரவு உண்டு. புதிய பதிப்பில் பழைய இடைமுகங்கள் சில நீக்கப்படுதல் இயல்பு. 2021 ஆகஸ்டில் வெளியான 1.22 பதிப்பு அத்தகைய பழைய இடைமுகங்கள் பலவற்றை நீக்கியது. அவற்றைச் சார்ந்து எழுதப்பட்ட மென்பொருள்கள் திருத்தம் பெற்ற பின்னரே அப்பதிப்பில் இயங்க முடிந்தது. ஆகவே, ‘புதியதே சிறந்தது’ என்று கொள்ளாமல், நிறுவவிருக்கும் மேடை எந்தப் பதிப்புகளில் சோதிக்கப்பட்டது என்பதைப் பார்த்துத் தேர்தல் வேண்டும்.

பூட்டப்படாத வாயில்

செயலகம், நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றை எண்ணால் குறிக்கலாம். எண்ணால் குறிக்க இயலாத தேவையும் ஒன்றுண்டு, அதுவே பாதுகாப்பு. 2020 ஜூன் மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. கியூப்ஃப்ளோவின் முகப்பு, இயல்பாகத் திரளுக்குள்ளிருந்து மட்டுமே அணுகத்தக்கது. பயனர் சிலர் எளிமை கருதி அவ்வாயிலை இணையத்திற்கு நேரே திறந்துவைத்திருந்தனர். அவ்வழியே நுழைந்தோர், மறையீட்டு நாணயம் தோண்டும் நிரல்களைத் திரளில் இயக்கினர். கற்றலுக்கெனத் தேர்ந்த ஆற்றல்மிகு கணுக்கள் கள்வர்க்கும் ஏற்றனவாய் அமைந்தன.

மேடையை நிறுவும்போது எடுத்துக்காட்டாகத் தரப்படும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உலகறிந்தவை. அவற்றை மாற்றாமல் விடுதல், சாவியை வாயிற்படியிலேயே வைத்துச் செல்வதற்கு ஒப்பாகும். கடவுச்சொல்லை மாற்றுதல், ஒவ்வொருவர்க்கும் உரிய அளவே உரிமை வழங்குதல், வாயிலை உரியவர்க்கு மட்டும் திறத்தல் ஆகியவையும் நிறுவல் தேவைகளே என்று கொள்ளுதல் வேண்டும்.

அளவறிந்து பெறுதல்

மேகக்கணினி என்னும் பெயர் எல்லையின்மையை நினைவூட்டுகிறது. உண்மையில் அது எங்கோ ஒரு கட்டடத்தில் மின்சாரம் பெற்று, வெப்பம் உமிழ்ந்து, குளிரூட்டப்பட்டு இயங்கும் இயந்திரங்களின் தொகுதியே. பயன்பாட்டில் இல்லாத கணுவும் இயக்கத்தில் உள்ளவரை கட்டணம் கேட்கும். மாலையில் பணி முடித்தோர் கணுவை நிறுத்த மறந்தால், இரவு முழுவதும் எவர்க்கும் பயனின்றிப் பொருள் கரையும். பணி இல்லாதபோது கணுக்களின் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி திரளில் உண்டு. அதனை முதல்நாளே அமைத்துவிடுதல் சிக்கனம்.

பெருநிறுவனங்களுக்கு இது சிறு இழப்பாகலாம். கல்லூரி ஒன்றின் சிறு துறைக்கோ ஆண்டு முழுமைக்கும் உரிய தொகை சில வாரங்களில் தீர்ந்துபோகலாம். பொருள் தீர்ந்தால் ஆய்வும் நின்றுவிடும். மிகுதியாகக் கேட்டால் பொருள் வீணாகும். குறைவாகக் கேட்டால் பணி தொடங்காது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டறிதலே நிறுவுவோரின் அறிவுக்கு அமைந்த தேர்வு.

அன்று மூவர் 3 ஜிகாபைட்டுக்குள் நின்று சிந்தித்தனர். இன்று பெருங்கடல்போல் வளம் விரிந்துள்ளது. எனினும், கலத்தின் கொள்ளளவை அறியாத மீகாமன் துறைமுகத்தைவிட்டுப் புறப்படுவதில்லை. கணினித் திரளைக் கையாளவிருக்கும் இளைய தலைமுறையும் கட்டளையைத் தட்டச்சிடும்முன் தாளில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தல் வேண்டும். அக்கணக்கே முதல் நிறுவல்.

கற்பவை கற்றபின்…

1. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள கணினி ஒன்றின் கருக்கள், நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றைக் கண்டறிந்து, அதில் குபர்னெட்டிஸை நிறுவ இயலுமா எனக் காரணத்துடன் எழுதுக.

2. 30 கோடி அளபுருக்கள் கொண்ட மாதிரியைப் பயிற்றுவிக்கவும் பயன்படுத்தவும் தேவைப்படும் நினைவகத்தைத் தனித்தனியே கணக்கிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. கப்பல், கடல் தொடர்பான தமிழ்ச் சொற்களைத் தொகுத்து, அவற்றுள் கணினித்துறைக் கலைச்சொற்களாகப் பயன்படுத்தத்தக்கவற்றைப் பரிந்துரைக்க.

கலைச்சொல் அறிவோம்

கணினித் திரள் – கிளஸ்டர்
கணு – நோடு
கொள்கலம் – கன்டெய்னர்
வரைகலைச் செயலகம் – ஜிபியு
அளபுரு – பாராமீட்டர்
இடைமுகம் – இன்டர்ஃபேஸ்
செருகுநிரல் – பிளகின்
செயல்தொடர் – பைப்லைன்

இலக்கணக் குறிப்பு

கொள்கலம் – வினைத்தொகை
பெருங்கடல் – பண்புத்தொகை
அளவறிந்து – இரண்டாம் வேற்றுமைத்தொகை
பூட்டப்படாத வாயில் – எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

பிரித்தனர் – பிரி + த் + த் + அன் + அர்
பிரி – பகுதி
த் – சந்தி
த் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ‘குபர்னெட்டிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இணையான தமிழ்ச்சொல்
அ) பரதவன் ஆ) மீகாமன் இ) வணிகன் ஈ) கம்மியன்

2. நினைவக வரம்பை மீறும் கொள்கலம்
அ) மெதுவாக இயங்கும் ஆ) வேறு கணுவின் நினைவகத்தைப் பெறும் இ) நிறுத்தப்படும் ஈ) இரண்டாகப் பிரியும்

3. ஐந்து கட்டுப்பாட்டுக் கணுக்கள் உள்ள திரள் தாங்கக்கூடிய பழுதுகளின் எண்ணிக்கை
அ) 1 ஆ) 2 இ) 3 ஈ) 4

குறுவினா

1. கோரிக்கை, வரம்பு – வேறுபடுத்துக.
2. ‘கலம்’ என்னும் சொல்லின் இருபொருளைக் குறிப்பிடுக.
3. நிலைத்திருக்கும் சேமிப்பகம் ஏன் இன்றியமையாதது?

சிறுவினா

1. இரண்டு கணுக்களில் 5 ஜிகாபைட்டு வீதம் இடமிருந்தும் 8 ஜிகாபைட்டுக் கோரும் கொள்கலம் காத்திருப்பது ஏன்? விளக்குக.
2. ‘பாதுகாப்பும் ஒரு நிறுவல் தேவையே’ – 2020ஆம் ஆண்டு நிகழ்வைக்கொண்டு நிறுவுக.

நெடுவினா

‘குறைந்தபட்சம் என்பது மேடை நிற்பதற்குரியது, மேடையில் ஆடுவதற்குரியது அன்று’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விரிவாக ஆராய்க.